டிப்பரும் பஸ்ஸும் 60ஐத் தாண்டாமல் செய்ய முடியுமா? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் கனரக வாகனங்களின் பிரேக் பராமரிப்புப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிரேக்கைப் பற்றிக் கேட்கவில்லை, வேகத்தைப் பற்றித்தான் கேட்டிருந்தன. விசுவமடு, மாங்குளம், கனகராயன்குளம், நெடுங்கேணி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஒரே கவலை. வவுனியாவில் டீசல் பம்ப் வேலை செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்த இதழ் முழுவதும் அதற்கே.

பரந்தன் – முல்லைத்தீவு வீதிக்கரையில் எங்கள் வீடு. மகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள். காலை ஏழு மணிக்கும் ஏழரைக்கும் இடையில்தான் மணல் டிப்பர்கள் வரிசையாகப் போகின்றன. பொலிஸ் நிற்கிற இடத்தில் மெதுவாக வருவார்கள், தாண்டியதும் பழையபடி. வண்டியே வேகமாக ஓட முடியாதபடி செய்கிற கருவி உண்டென்று வெளிநாட்டிலிருக்கும் தம்பி சொல்கிறான். உண்மையா ஐயா? – ஒரு தாய், விசுவமடு

உண்மை தங்கச்சி. ஸ்பீட் லிமிற்றர் என்பார்கள், வேகக் கட்டுப்படுத்தி என்றும் எழுதுவார்கள். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. ஐரோப்பிய நாடுகள் பெரிய லொறிகளுக்கும் பெரிய பஸ்களுக்கும் இதைக் கட்டாயமாக்க 1992இலேயே சட்டம் எழுதிவிட்டன. லொறி மணிக்கு 90 கிலோமீற்றரைத் தாண்டாது, பஸ் 100ஐத் தாண்டாது. முதலில் 12 தொன்னுக்கு மேற்பட்ட லொறிகளுக்கு மட்டும் இருந்ததை, பிறகு மூன்றரைத் தொன்னுக்கு மேற்பட்டவைக்கும் விரித்தார்கள். ஜப்பான் 2003இல் பெரிய லொறிகளுக்கு 90 என்று பூட்டியது.

உங்களுக்கு வேண்டிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் 2015 ஒக்டோபர் 1ஆம் திகதிக்குப் பிறகு தயாரான போக்குவரத்து வாகனங்களுக்கு 80 கிலோமீற்றர்தான் உச்சம். டிப்பர், எரிபொருள் தாங்கி, பள்ளிக்கூட பஸ், ஆபத்தான சரக்கு ஏற்றுகிற வண்டி ஆகியவற்றுக்கு 60. டிப்பரைத் தனியாகப் பிரித்து, பள்ளிக்கூட பஸ்ஸோடு சேர்த்து 60இல் நிறுத்தியிருக்கிறார்கள். மண் ஏற்றிக்கொண்டு குடியிருப்புகளுக்குள்ளால் ஓடுகிற வண்டி எப்படிப்பட்டதென்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் அது. எங்கள் வீதியில் ஓடுகிற டிப்பர்களில் எத்தனையோ இந்தியாவில் செய்தவை.

இங்கேயும் வேக எல்லை சட்டத்தில் இருக்கிறது. லொறிக்கும் பஸ்ஸுக்கும் ஊர்மனைக்குள் 50, வெளியே 60. ஆனால் அந்த எல்லையைக் காப்பாற்றுவது பொலிஸ் நிற்கிற அந்த ஒரு இடத்தில்தான் நடக்கிறது. கருவி இருந்தால் விசுவமடுவிலும் உடையார்கட்டிலும் புதுக்குடியிருப்பிலும் ஒரே வேகம்தான், பொலிஸ் நின்றாலும் நிற்காவிட்டாலும்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 60இல் பூட்டிய டிப்பர் உங்கள் மகளின் சைக்கிளுக்குப் பக்கத்தில் 60இல் போக முடியும். அதுவும் அதிகம்தான். பள்ளிக்கூட வாசலில் 30க்குக் கீழே கொண்டுவர வேகத்தடையும், காலையில் டிப்பர் ஓடாத நேரமும் தனியாக வேண்டும். அதையும் விடாமல் கேளுங்கள்.

அது எப்படி வேலை செய்கிறது? ஓடுகிற வண்டியைத் திடீரென்று பிடித்து நிறுத்துமா? பழைய டிப்பருக்கும் பூட்டலாமா? – டிப்பர் உரிமையாளர், நெடுங்கேணி

நிறுத்தாது. பிரேக்குக்கும் இதற்கும் தொடர்பில்லை. கியர் பெட்டியின் பின்பக்கம் சுழற்சியை எண்ணுகிற சென்சர் இருக்கும், ஸ்பீட் மீற்றருக்கும் அங்கிருந்துதான் கணக்குப் போகிறது. குறித்த வேகம் வந்ததும், கால் எவ்வளவு மிதித்தாலும் மேலதிக எரிபொருள் போகாது. வண்டி அந்த வேகத்திலேயே அமைதியாக ஓடிக்கொண்டிருக்கும்.

புது வண்டியென்றால் எஞ்சினின் கம்பியூட்டரிலேயே வேகத்தைக் குறித்துவிடலாம், மேலதிக உதிரிப்பாகம் வேண்டாம். அக்சிலேற்றர் மின்கம்பியில் ஓடுகிற வண்டிக்கு, மிதியிலிருந்து போகும் சைகையை இடையில் பிடித்துக் குறைக்கிற பெட்டி ஒன்று போதும். கம்பியூட்டர் இல்லாத பழைய டீசல் பம்ப் வண்டிக்கும் வழி உண்டு: டீசல் போகிற குழாயில் மின்சார வால்வு ஒன்றைப் பூட்டி, சென்சரோடு இணைப்பார்கள்.

சிலர் என்னிடம் வந்து, "பம்ப்பிலேயே கவர்னர் இருக்குதே, பிறகு ஏன் இன்னொன்று?" என்று கேட்கிறார்கள். பம்ப்பில் இருக்கிற கவர்னர் எஞ்சின் அளவுக்கு மிஞ்சிச் சுற்றாமல் காக்கிறது. வண்டி வீதியில் என்ன வேகத்தில் போகிறதென்பது அதற்குத் தெரியாது. அதே சுற்றில் இரண்டாம் கியரில் ஊரலாம், மேல் கியரில் 100ஐயும் தொடலாம்.

இழுவை குறையும் என்று பயப்பட வேண்டாம். மணல் நிரப்பிக்கொண்டு ஆற்றங்கரையில் ஏறுகிறபோது முதல் கியரில் வண்டியின் முழுப் பலமும் அப்படியே இருக்கும். வேகம் கூடக்கூட காற்றின் தடை பலமடங்கு ஏறுவதால், கருவி பூட்டிய பிறகு டீசலும் மிஞ்சும், ரயரும் கூடநாள் உழைக்கும். இதை நான் விற்பனைக்காகச் சொல்லவில்லை. நான் இந்தக் கருவியை விற்பதுமில்லை.

நான் இரவு பஸ் சாரதி. லிமிற்றர் வந்தால் எங்கள் பிழைப்புப் போய்விடும். பத்து நிமிடம் பிந்தினால் முதலாளி ஏசுகிறார், பின்னால் வருகிற பஸ் ஆட்களை ஏற்றிவிடுகிறது, பயணிகளும் "என்ன மாட்டு வண்டியா?" என்று கேட்கிறார்கள். சாரதியை மட்டும் கட்டிப்போட்டு என்ன பயன்? – பெயர் வேண்டாம், கனகராயன்குளம்

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தேன். இந்த இதழில் நான் எழுத நினைத்தது முழுவதும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதே.

உங்களை ஓட வைப்பது யார்? உங்கள் கடிதத்திலேயே மூன்று பேர் இருக்கிறார்கள்: முதலாளி, பின்னால் வருகிற பஸ், பயணி. மூவருக்கும் நீங்கள் இன்று சொல்லக்கூடிய பதில், "எனக்கு வேகமாக ஓட விருப்பமில்லை" என்பதுதான். அதைச் சொன்னால் நாளைக்கு அந்த இருக்கையில் வேறொருவர் இருப்பார். எல்லா பஸ்ஸிலும் கருவி பூட்டிவிட்டால் உங்கள் பதில், "வண்டி இதற்கு மேலே போகாது முதலாளி." அதோடு பேச்சு முடிந்தது. உங்களை வேலையிலிருந்து நிறுத்தினாலும் அடுத்து வருகிறவருக்கும் அதே வேகம்தான். பின்னால் வருகிற பஸ்ஸுக்கும் அதே வேகம்தான். சாரதியைக் கட்டிப்போடுகிற கருவி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கென்னவோ, சாரதியின் முதுகில் ஏறி இருப்பவர்களைக் கட்டிப்போடுகிற கருவியாகத்தான் தெரிகிறது.

ஆனால் இது எல்லா பஸ்ஸுக்கும் பூட்டினால் மட்டுமே உண்மை. தனியார் பஸ்ஸுக்கு மட்டும் பூட்டி அரசின் இ.போ.ச. பஸ்ஸை விட்டாலும், அதற்கு மறுபக்கமாகச் செய்தாலும், பூட்டியவர் தோற்றுப்போவார். விருப்பமானவர் பூட்டலாம் என்றால் ஒருவரும் பூட்டமாட்டார்கள். சட்டமாக வரவேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது அதனால்தான்.

நேரக் கணக்கையும் பார்ப்போம். வவுனியாவிலிருந்து கிளிநொச்சி ஏறத்தாழ 80 கிலோமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடையில் எங்கும் நிற்காமல் 60இல் ஓடினால் 80 நிமிடம், 80இல் ஓடினால் 60 நிமிடம். ஆகக்கூடிய இலாபம் 20 நிமிடம். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஆள் இறக்கி ஏற்றி, முறிகண்டிப் பிள்ளையாரிடம் நிறுத்தி, பயணிகள் கச்சான் வாங்கி ஏறும்வரை நின்று போகிற பஸ்ஸுக்கு அந்த 20 நிமிடத்தில் பாதியாவது மிஞ்சுமா? இந்த மிச்சத்துக்காகத்தான் ஐம்பது உயிரைப் பணயம் வைக்கிறோம்.

கருவி மட்டும் போதாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். நாள் வசூலில் பங்கு, நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் கொடுத்தால், உச்ச வேகம் குறைந்தாலும் சாரதி வேறிடத்தில் நேரத்தைப் பிடிப்பார். தூங்க வேண்டிய நேரத்தில் ஓடுவார், வளைவில் முந்துவார். ஐரோப்பிய சட்டம் இதையும் தொட்டிருக்கிறது. 2006இல் வந்த ஒழுங்குவிதி ஒன்று, வீதிப் பாதுகாப்புக்கு ஆபத்தாகும் வகையில் ஓடிய தூரத்துக்கோ ஏற்றிய சரக்கின் அளவுக்கோ சாரதிக்குப் பணம் கொடுப்பதைத் தடைசெய்கிறது. கென்யாவில் 2004இல் மினி பஸ்களுக்கு 80இல் கருவி பூட்டச் சொன்ன அதே விதியில், எல்லா இருக்கைக்கும் பட்டி, சாரதியையும் நடத்துனரையும் நிரந்தரமாக வேலைக்கு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை, எல்லாம் சேர்ந்திருந்தன. கருவியையும் சம்பளத்தையும் ஒன்றாகப் பார்த்த விதி என்பதால் எனக்கு அதில் மதிப்பு. கண்காணிப்புத் தளர்ந்ததும் பலன் குறைந்தது, அது வேறு கதை.

உங்கள் சாரதிகள் சங்கம் இந்தச் சட்டத்தை எதிர்க்கக் கூடாது தம்பி. மாதச் சம்பளத்தோடு சேர்த்துக் கேட்க வேண்டும்.

கனடாவில் லொறி ஓட்டுகிற மச்சான், லிமிற்றர் பூட்டிய லொறியால் முந்துவதுதான் பெரிய ஆபத்து என்கிறான். ஏ9 வீதியில் ஒரு பக்கத்துக்கு ஒரு தடம்தான். பாதி முந்திய நிலையில் வேகம் ஏறாவிட்டால் எதிரே வருகிற வண்டியில் மோத வேண்டியதுதானே? – லொறி சாரதி, மாங்குளம்

மச்சான் ஒன்ராரியோவில் ஓட்டுகிறார் போல. அங்கே 2009 முதல் பெரிய லொறிகளுக்கு 105. அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் 90இல் பூட்டிய லொறி 89இல் ஓடுகிற லொறியை முந்தப் போய், நெடுநேரம் இரண்டும் பக்கம் பக்கமாகவே போகும். பின்னால் வருகிறவர்கள் பொறுமை இழப்பார்கள்.

எங்கள் வீதிக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்னால் ஒரு பஸ் 55இல் போகிறது, நீங்கள் 60இல் பூட்டிய லொறியில் முந்துகிறீர்கள். இரண்டு வண்டியின் நீளம், முன்னும் பின்னும் இடைவெளி எல்லாம் சேர்த்து 50 மீற்றர் கூடுதலாக ஓட வேண்டும். அதற்கு 36 செக்கன் ஆகும். அந்த நேரத்தில் நீங்கள் எதிர்ப்பக்கத் தடத்தில் 600 மீற்றர் போயிருப்பீர்கள். ஆகவே முந்தவே கூடாது. அந்த பஸ்ஸின் பின்னாலேயே போனால் ஒரு மணி நேரத்தில் நீங்கள் இழப்பது வெறும் 5 கிலோமீற்றர்.

உழவு இயந்திரம் 25இல் போகிறதென்றால் கதை வேறு. அதே 50 மீற்றரை 5 செக்கனில் கடந்துவிடுவீர்கள், எதிர்த்தடத்தில் 90 மீற்றருக்கும் குறைவு. அதற்கு 60 தாராளம். அதாவது கருவி தேவையான முந்தலைத் தடுக்காது. பாதி முந்திவிட்டு வேகத்தைக் கூட்டித் தப்பலாம் என்று நினைத்து வெளியே எடுக்கிற பழக்கத்தைத்தான் விட வேண்டிவரும். கருவி புதிதாகப் பூட்டிய முதல் மாதங்களில் அந்தப் பழைய பழக்கம் உயிரைக் கொண்டுபோகக்கூடும். சட்டம் வருகிறபோது சாரதிகளுக்குப் பயிற்சியும் சேர்ந்து வரவேண்டும் என்று நான் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இரவில் மாடுகள் தார் வீதியில் படுத்துக் கிடக்கின்றன. சூடாக இருக்கும் என்று எழும்பவே மாட்டா. கருவி மாட்டைக் காணுமா? – வாசகர், புளியங்குளம்

காணாது. காண வேண்டியது சாரதிதான். ஆனால் கண்ட பிறகு என்ன நடக்கும் என்பதை வேகம் தீர்மானிக்கிறது.

லைட்டைக் குறைத்துப் போட்டால் 50 மீற்றர் அளவுதான் தெளிவாகத் தெரியும். நல்ல பிரேக், நல்ல ரயர், காய்ந்த தார். கண்டு, கால் பிரேக்கில் விழ ஒன்றரைச் செக்கன். இந்தக் கணக்கில் 60இல் வருகிற பஸ் 53 மீற்றரில் நின்றுவிடும், மாடு பிழைக்க வாய்ப்பு உண்டு. 80இல் வருகிற பஸ் நிற்க 83 மீற்றர் வேண்டும். அதைவிட முக்கியம், முதல் பஸ் நின்ற அதே இடத்தை அது கடக்கும்போது இன்னும் 62 கிலோமீற்றர் வேகத்தில் இருக்கும். பிரேக் பிடித்த பிறகும் 62. 100இல் வந்தால் அதே இடத்தில் 92. மழை பெய்திருந்தால், ரயர் தேய்ந்திருந்தால் எல்லாம் இன்னும் மோசம்.

இந்தக் கணக்கை நான் கராஜ் சுவரில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறேன். வருகிற சாரதிகள் நின்று பார்க்கிறார்கள். மாட்டின் இடத்தில் லைட் இல்லாத சைக்கிளையோ, லான்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சக்கர உழவு இயந்திரத்தையோ வைத்துப் பாருங்கள். வன்னியில் இரவு வீதியில் இவை எல்லாம் உண்டு.

மாட்டுச் சொந்தக்காரரின் பொறுப்புப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சட்டம் வந்தாலும் எங்கள் ஆட்கள் வயரைக் கழற்றிவிடுவார்கள். பிறகு எதற்கு? – மாணவன், கிளிநொச்சி

கழற்றுவார்கள் என்பது உண்மை. பியூஸை உருவுவார்கள், சென்சர் வயரை வெட்டுவார்கள், கம்பியூட்டர் தெரிந்தவரைப் பிடித்து எண்ணை மாற்றுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த வண்டியில் இருந்த பூட்டை எடுத்துத் தரச் சொல்லி என்னிடமும் கேட்டிருக்கிறார்கள். செய்யமாட்டேன் என்று திருப்பி அனுப்பினேன். வேறிடத்தில் செய்திருப்பார்கள்.

இதன் விலை என்னவென்று கேரளத்தில் பார்த்தோம். 2022 ஒக்டோபர் 5 இரவு, எறணாகுளம் மாவட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஊட்டிக்குக் கொண்டுபோன சுற்றுலா பஸ், வடக்கஞ்சேரியில் அரச பஸ் ஒன்றின் பின்னால் மோதியது. 5 மாணவர்கள், ஒரு ஆசிரியர், அரச பஸ்ஸில் வந்த 3 பேர், எல்லாமாக 9 உயிர். 80ஐத் தாண்ட முடியாமல் இருந்திருக்க வேண்டிய பஸ் 97க்கு மேல் ஓடியிருந்தது. கருவியில் கைவைத்திருந்தார்கள். உன் வயதுப் பிள்ளைகள்.

ஆகவே சட்டத்தில் பூட்டச் சொல்வதோடு முத்திரை வைக்கவும் சொல்ல வேண்டும். இங்கே பஸ்ஸுக்கும் லொறிக்கும் வருடா வருடம் தகுதிச் சான்றிதழ் எடுத்தால்தான் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும். அந்தச் சோதனையில் முத்திரையையும் பார்க்கலாம். முத்திரை உடைந்த வண்டிக்குச் சான்றிதழ் இல்லை. உடைத்தவருக்கு, அதாவது சாரதிக்கு மட்டுமல்ல, உடைக்கச் சொன்ன உரிமையாளருக்கும் உடைத்துக் கொடுத்த மெக்கானிக்குக்கும் தண்டம். என் தொழில்காரர்கள் கோபிக்கக்கூடும். பரவாயில்லை.

கொத்மலையில் பஸ் பள்ளத்தில் விழுந்தது போன்ற விபத்தை இது தடுக்குமா? – வாசகி, செட்டிகுளம்

2025 மே 11ஆம் திகதி கரண்டி எல்லவில் நடந்த அந்த விபத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் காரணத்தைப் பற்றி நான் பேச வரவில்லை. பொதுவாகச் சொன்னால், இறக்கத்தில் வண்டியை உருட்டுவது எரிபொருள் அல்ல, அதன் பாரம். கருவி எரிபொருளை நிறுத்திவிடும், வண்டி உருண்டு வேகம் எடுப்பதை நிறுத்தாது. மலைநாட்டு வளைவில் 40கூட மிகையாக இருக்கலாம். மலைக்குச் சரியான கியரும் நல்ல பிரேக்கும் தூங்கி எழுந்த சாரதியும்தான். எங்கள் வன்னி மட்டமான நிலம், நேரான வீதி. கருவி முழுதாக வேலை செய்வது இப்படிப்பட்ட வீதியில்தான்.

அம்புலன்ஸுக்கும் பூட்டுவார்களா? – வாசகர், மல்லாவி

இல்லை. இந்திய விதியில் அம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி, பொலிஸ் வண்டி மூன்றுக்கும் விலக்கு உண்டு. முச்சக்கர வண்டிக்கும் விலக்கு. இங்கே முச்சக்கர வண்டிக்கு 40தான் எல்லை என்பதை அந்தச் சாரதிகள் மறக்காவிட்டால் சரி.

எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கம் மனு எழுதப் போகிறது. யாருக்கு எழுதுவது, என்ன கேட்பது? – செயலாளர், தருமபுரம்

சட்டம் மாறும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வழியொன்று உண்டு. மணல் ஏற்றிச் செல்ல அனுமதிப்பத்திரம் கொடுப்பது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம். 60இல் பூட்டி முத்திரையிட்ட டிப்பருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், காலையில் பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்திலும் மதியம் விடும் நேரத்திலும் ஏற்ற அனுமதிக்காதீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள். தனியார் பஸ்ஸுக்கு வழி அனுமதி கொடுக்கிறபோதும் இதே நிபந்தனையைப் போடலாம். மாகாணத்துக்குள் ஓடுகிறவைக்கு வடமாகாண வீதிப் பயணிகள் போக்குவரத்து அதிகார சபை, கொழும்புக்கு ஓடுகிறவைக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு. நாடு முழுவதற்குமான சட்டத்துக்கு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கும் உங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் எழுத வேண்டும்.

மனுவில் "வேகத்தைக் குறையுங்கள்" என்று மட்டும் எழுதினால் கோப்பில் போட்டுவிடுவார்கள். எந்த வீதி, எந்தச் சந்தி, எத்தனை மணி, எத்தனை பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் போகிறார்கள் என்று எழுதுங்கள். பள்ளிக்கூட அதிபரிடமும் கையெழுத்து வாங்குங்கள். டிப்பர் சாரதிகள் சிலராவது உங்கள் ஊர்க்காரராக இருப்பார்கள். அவர்களைக் கூப்பிட்டு இருத்தி, நடைக்குக் காசு என்ற முறையை மாற்றச் சொல்லும் கோரிக்கையையும் சேர்த்து, அவர்களையும் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள். அவர்களில் பலர் வைப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். எழுதியதும் பிரதியொன்றை இந்த இதழின் முகவரிக்கு அனுப்பிவையுங்கள். கருவி பற்றிய பகுதியில் தொழில்நுட்பப் பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன்.